100 வாட் எங்கே போகிறது?

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு மேசையில் 100 வாட் வானொலி அலைபரப்பி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சமிக்ஞை சுத்தமாக வருகிறதா என்று ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (சமிக்ஞையில் எந்தெந்த மீடிறன்கள் இருக்கின்றன என்று காட்டும் கருவி) பார்க்க வேண்டும். பெரும்பாலான அனலைசர்கள் 1 வாட்டுக்கு மேல் தாங்காது. அதனால் நடுவில் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை, அதாவது வலுவைக் குறைக்கும் கருவியைப் பூட்டுகிறோம். 10 டெசிபெல் என்றால் வலு பத்தில் ஒன்றாகும், 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 100 வாட் 0.1 வாட்டாகக் குறைந்து அனலைசருக்குப் போகிறது. மிச்சம் 99.9 வாட்டும் அந்த அட்டெனுவேட்டருக்குள்ளேயே சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள முடிந்த அளவுதான் அது தாங்கும் வலு.

உள்ளே இருப்பது மூன்றே மூன்று தடையிகள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நிலத்துக்கு (கிரவுண்டுக்கு) இறங்கும், நடுவில் ஒன்று குறுக்கே போகும். வானொலிக் கருவிகளில் வழக்கமான 50 ஓம் அமைப்பில் 10 டெசிபெல் வேண்டுமானால் ஓரத்தில் இருப்பவை ஏறத்தாழ 96 ஓம், நடுவில் இருப்பது 71 ஓம். இதற்குள் 100 வாட்டை அனுப்பிக் கணக்குப் பாருங்கள். முதல் தடையி மட்டும் 52 வாட்டை விழுங்குகிறது. நடுத் தடையிக்கு 33 வாட், கடைசித் தடையிக்கு வெறும் 5 வாட். 10 வாட் வெளியே போகிறது. முதலும் கடைசியும் ஒரே 96 ஓம்தான், ஆனால் சுமையில் பத்து மடங்கு வித்தியாசம்! 20 டெசிபெல்லில் நிலைமை இன்னும் மோசம்: முதல் தடையிக்கு 82 வாட், நடுவுக்கு 16, கடைசிக்கு 1 வாட்கூட இல்லை.

பெரிய வலு அட்டெனுவேட்டர்கள் பலவற்றில் உள்ளே போகும் பக்கம் எது என்று குறித்திருப்பது இதனால்தான். அந்தப் பக்கம் அதிக வாட் தாங்கும் பெரிய தடையியும் மறுபக்கம் சிறியதும் வைத்துச் செய்திருப்பார்கள். திருப்பிப் பூட்டினாலும் டெசிபெல் எண் மாறாது, அளவீடு சரியாகவே வரும். ஆனால் 82 வாட் இப்போது அந்தச் சின்னத் தடையியின் தலையில். கருகிய பிறகுதான் தெரியவரும்.

இரண்டைத் தொடராகப் பூட்டும்போதும் இதே கணக்குத்தான். முதலில் 10 டெசிபெல், அடுத்தது 20 டெசிபெல் என்றால் முதலாவது 90 வாட்டை எடுத்துக்கொள்ளும், இரண்டாவதுக்கு 10 வாட் தாங்கும் சக்தி போதும். வரிசையை மாற்றினால் அந்த 20 டெசிபெல்லுக்கு 99 வாட் கிடைக்கும். காசு செலவழிப்பதானால் முதலாவதில் செலவழியுங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தடையி வாங்கி நாமே செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், நல்ல பயிற்சியும்கூட. ஆனால் வாட் கூடிய தடையி என்று கேட்டால் கம்பி சுற்றியதைத் தந்துவிடுவார்கள். அந்தச் சுற்று உயர் மீடிறனில் சுருளாக வேலை செய்து கணக்கையே குழப்பிவிடும். மெல்லிய படலத் தடையிதான் வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது வெக்கையை. அட்டெனுவேட்டரில் போட்டிருக்கும் வாட் எண்ணுக்குப் பக்கத்தில், விவரத்தாளில் சின்ன எழுத்தில் ஒரு வெப்பநிலை இருக்கும். பலவற்றில் அது 25 பாகை செல்சியஸ். அதற்கு மேலே போகப் போகத் தாங்கும் அளவு நேர்கோடாக இறங்கி, 125 பாகையில் பூச்சியமாகிவிடும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு பாகைக்கு ஒரு வீதம் குறைகிறது. ஏசி இல்லாத அறையில் சித்திரை மாத மத்தியானம் 32 பாகை என்றால் 7 வீதம் போய்விட்டது. அதை அலைபரப்பியோடு சேர்த்து ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே 55 பாகை ஏறினால், 100 வாட் என்று வாங்கியது இப்போது 70 வாட் அட்டெனுவேட்டர்தான். வெப்பத்தகட்டின் மடிப்புகள் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள், சூடான காற்று தானாக மேலே எழும். ஒரு சின்ன ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, வாட் எண் சொல்வது சராசரி வலுவை. சூடான தோசைக்கல்லைச் சட்டென்று தொட்டு எடுப்பதும் கையை அதிலேயே வைத்திருப்பதும் ஒன்றல்ல. ராடார் போலத் துடிப்புத் துடிப்பாக வரும் 1,000 வாட், ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே இருக்கிறது என்றால் சராசரி 1 வாட்தான். ஆனால் அந்தக் கணத்தில் 50 ஓமில் உச்ச மின்னழுத்தம் 316 வோல்ட். தடையி சூடாகாமலே பொறி பாய்ந்து போகலாம் என்பதால் உச்ச வலுவுக்குத் தனி எல்லை உண்டு. பேச்சை ஒற்றைப் பக்கப்பட்டையில் (எஸ்எஸ்பி: குரலின் ஏற்ற இறக்கத்தோடு வலுவும் கூடிக் குறையும் முறை) அனுப்பும்போது பிரச்சினையே தராத அட்டெனுவேட்டர், எஃப்எம்மில் கருகுவதும் இந்தச் சராசரியால்தான். எஃப்எம்மில் பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்த நேரமெல்லாம் முழு வலு.

வெளிப்பக்கக் கேபிள் கழன்றிருந்தால்? 20 டெசிபெல்லுக்கு ஒன்றும் ஆகாது. 3 டெசிபெல்லில் நிலைமை வேறு: வழக்கமாகப் பாதியை விழுங்குவது, வெளியே போன மறுபாதி திரும்பி வரும்போது அதிலும் பாதியை விழுங்குகிறது. 100 வாட்டில் 50 அல்ல, 75.

கடைசியாக ஒரு முக்கியமான எச்சரிக்கை. பெரிய வலு அட்டெனுவேட்டர்களில், குறிப்பாகப் பழையவற்றில், தடையிப் படலத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஒட்சைட்டாக இருக்கலாம். அது சாதாரண அலுமினாப் பீங்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால்தான் போட்டார்கள். முழுசாக இருக்கும்வரை பயமில்லை. உடைந்து தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைத் தீராத நோய்க்கு ஆளாக்கும். கருகிப்போன ஒன்று கிடைத்தால் உள்ளே பார்க்கும் ஆசையில் அரத்தால் ராவவோ சுத்தியலால் தட்டவோ வேண்டாம்.