டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடங்கும் சத்தம்

திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடை. நாலு கம்ப்யூட்டர், டி.டி.பி., கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அதில்தான். கத்திரி வெயிலில் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, சூடு தாங்கலை போல. சிபியு எல்லாம் மிக்ஸி மாதிரி கத்துது. நாலுக்கும் ஃபேன் மாத்திடுங்க." ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபேன் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

யாரும் தொடாமல் சும்மா இருந்த கம்ப்யூட்டர்தான் அதிகம் கத்தியது. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சில நொடிகளில் சத்தம் அடங்கியது. சிபியு 4 சதவீதம் என்று சாதுவாகக் காட்டியது. மூடினேன், மறுபடி இரைச்சல். மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தேன். "பாய், ஃபேன் நல்லாத்தான் இருக்கு. உள்ளே வேற யாரோ வேலை பார்க்கிறாங்க, நாம பார்த்தா மட்டும் ஒளிஞ்சுக்கிறாங்க" என்றேன்.

மறைமுக கிரிப்டோ மைனிங். கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசை எடுக்க கம்ப்யூட்டர் ஓயாமல் கணக்குப் போட வேண்டும்; அதை நம் மெஷினில், நம் மின்சாரத்தில் செய்து, எவனோ காசு பார்ப்பது. பிட்காயின் எடுக்க இப்போது அதற்கென்றே செய்த மெஷின் வேண்டும். கடையில் இருக்கும் பழைய பிராசஸர் உதவாது. அதனால் இவர்கள் எடுப்பது பெரும்பாலும் மொனேரோ என்ற வேறொரு டிஜிட்டல் காசு. சாதாரண பிராசஸரிலேயே ஓடும், பணம் யாருக்குப் போகிறது என்பதும் வெளியே தெரியாது. ஒரு கம்ப்யூட்டரில் கிடைப்பது சில்லறைதான். ஆயிரக்கணக்கில் சேர்த்தால்தான் லாபம். ஜெராக்ஸ் கடையைக்கூட விடாதது அதனால்தான்.

செலவு நமக்கு. ஒரு கம்ப்யூட்டர் கூடுதலாக 80 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 115 யூனிட். வீடாக இருந்தால், அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அவனே சாப்பிட்டுவிட்டான் என்று அர்த்தம்.

எப்படி வந்தது? டிசைன் மென்பொருளைக் காசு கொடுக்காமல் ஓட்ட யாரோ பென்டிரைவில் கொடுத்த கிராக். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்" என்று அதிலேயே எழுதியிருந்ததாம். திருடன் வரும்போது நாயைக் கட்டிப்போடச் சொன்ன கதை! விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில், சோதிக்க வேண்டாம் என்று ஒதுக்கும் விலக்குப் பட்டியலைப் பார்த்தால், சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. புரோகிராம்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் அப்டேட் என்ற பெயரில் ஒரு வேலை. மைனிங் செய்யும் மென்பொருளான மைனரை அழித்தாலும் அடுத்த முறை ஆன் செய்யும்போது அதுவே திரும்பக் கொண்டுவந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரிலும் முதலில் இந்த இரண்டு இடங்களைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத விலக்கு எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

கிராக் போடாதவர்களுக்கும் இது வரலாம். பிரவுசருக்குள்ளேயே மைனிங் செய்யும் காயின்ஹைவ் 2017இல் வந்து 2019இல் மூடப்பட்டது. இடையில், 2018 பிப்ரவரியில், பல தளங்கள் பயன்படுத்திய ஒரே ஒரு துணைக் கருவிக்குள் அதை நுழைத்து, பிரிட்டிஷ் அரசுத் தளங்கள் உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களில் ஓட்டினார்கள். பிரவுசரில் ஓடுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தை மூடினால் நின்றுவிடும். விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால் பாதித் தொல்லை குறையும். போனில் கதை வேறு. 2017இல் லோவாபி என்ற ஆண்ட்ராய்டு வைரஸைச் சோதித்தபோது, இரண்டே நாளில் பேட்டரி உப்பிவிட்டது. சும்மா வைத்திருக்கும் போன் சுட்டால், கடைசியாக எந்த ஆப் போட்டீர்கள் என்று யோசியுங்கள்.

பாய் கடையில் நாலையும் ஃபார்மட் செய்தேன். மைனரை மட்டும் நீக்கினால் போதாதா என்று கேட்டார். மைனரை வைக்கத் தெரிந்தவனுக்கு பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை எடுக்கவும் தெரியும். அதனால் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு போனில் இருந்து மாற்றச் சொன்னேன்.

டிசைனுக்கு இன்க்ஸ்கேப்பும் ஜிம்பும் போட்டுக் கொடுத்தேன், இரண்டும் இலவசம். இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, அந்த நாலு ஃபேனை வாபஸ் எடுப்பாங்களா?"