பாஸ்ச்சர்னா (posture) தோரணை இல்லைங்க, கொண்ணிலை

எங்க சின்னம்மாவுக்கு பாம்பன் பக்கம் பாசி எடுக்குற வேலை. இடுப்பளவு தண்ணியில நின்னு, குனிஞ்சு, முங்கி, பாறையில ஒட்டியிருக்குறத பிச்சுப் பிச்சு பையில போடணும், கை கிழியாம இருக்க விரலுக்கு துணியச் சுத்திக்கிட்டுத்தான் போவாக, இருபது வருசத்துக்கு மேல இதே பொழப்பு. போன மாசம் ஈரச் சாக்க தூக்குறப்ப இடுப்பு புடிச்சுக்கிச்சு, தைலம் தேச்சும் கேக்கல, சரின்னு ராம்நாட்டுல ஒரு பிசியோதெரபி எடத்துக்கு கூட்டிட்டுப் போனேன். பயிற்சியெல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, கூடவே ஒரு பேப்பரும் குடுத்தாங்க, மேல பெரிய எழுத்துல "தோரணை திருத்தும் பயிற்சிகள்"னு அச்சடிச்சிருந்துச்சு. பஸ்ஸுல வர்றப்ப வாசிச்சுக் காட்டுனேன். "எனக்கென்னடா தோரணை, நான் என்ன பண்ணையார் வீட்டு ஆளா"ன்னு கேட்டாக.

கேள்வி நியாயம்தானே. நம்ம பேச்சுல தோரணைன்னா அதிகாரத் தோரணை, மிரட்டுற தோரணை, மாப்பிள்ளைத் தோரணை. அடுத்தவன் முன்னாடி எப்படி நடந்துக்குறோம்ங்குறது அது, முதுகெலும்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இங்கிலீஷ்ல பாஸ்ச்சருக்கு அந்த அர்த்தமும் ஓரமா உண்டு, மிரட்டுறாப்ல நிக்கிற நாட்டையும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதனால மெஷின்ல போட்டு மொழிபெயர்க்குறவங்களுக்கு தோரணைன்னே வந்து விழுது போல, அதையே எல்லாரும் காப்பி அடிக்குறாங்க.

சொல்லோட பூர்வீகம் லத்தீன். அங்க "போனெரே"ன்னா வை, கிடத்துன்னு அர்த்தம், அதுலருந்து "போசிதூரா", அதாவது ஒண்ண வச்சிருக்குற விதம். இத்தாலி, பிரெஞ்சு வழியா 1600 வாக்குல இங்கிலீஷுக்கு வந்து சேந்துச்சு. பொசிஷன் இதுக்கு கூடப்பொறந்தது. போட்டோவுக்கு குடுக்குற போஸும் கூடப்பொறந்ததுன்னுதான் நெனச்சேன், ஆனா அது "நிறுத்து"ங்குற வேற சொல்லுலருந்து வந்து பின்னாடி இதோட கலந்துருக்கு. (எங்க ஜில்லாவுல போஸ்னு கூப்புட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, அது நேதாஜி பேரு, அந்தக் கதை வேற.)

சரி, தமிழ்ல என்ன சொல்றது? உடல்நிலைன்னு சொன்னா "ஏன், காய்ச்சலா"ன்னு கேப்பாங்க. இருக்கைன்னா பஸ் சீட்டு. ஆசனம் வடமொழியில "உக்காரு"ங்குற வேர்லருந்து வந்தது, திருமூலர் அத ஆதனம்னு எழுதியிருக்காரு, ஆனா இன்னைக்கு ஆசனம்னதும் எல்லாருக்கும் யோகா கிளாஸ்தான் ஞாபகம் வருது, சாக்கு தூக்குற சின்னம்மாவுக்கு அது ஒட்டல.

நம்ம ஆளுங்க ஒத்தச் சொல்ல தேடாம மூணா பிரிச்சு வச்சிருக்காங்க: நின்ன, இருந்த, கிடந்த. பெருமாள் கோயில்ல திருக்கோலம்னு சொல்ற கணக்கு. இந்த மூணையும் ஒரே கோயில்ல பாக்கணும்னா திருப்புல்லாணிக்கு போங்க, ஆதி ஜெகந்நாதர் உக்காந்திருப்பாரு, பட்டாபிராமர் நிப்பாரு, தர்ப்பசயன ராமர் புல்லுல படுத்திருப்பாரு. கடலரசன் கிட்ட வழி கேட்டு மூணு நாளு தர்ப்பைப் புல்லுலயே கிடந்தாராம், புல் அணை, புல்லணை, அதுதான் ஊருப் பேருக்கே காரணம்னு சொல்லுவாக. கீழக்கரையில தொழுகைக்குப் போறவங்ககிட்ட கேளுங்க, நிக்கிறத நிலைன்னும் உக்கார்றத இருப்புன்னும் சொல்லுவாங்க, நடு இருப்பு கடைசி இருப்புன்னு அதுலயே வகை உண்டு.

ஆனா மூணையும் சேத்து ஒரே சொல்லா வேணும்னா? அது எனக்கு மண்டபம் அகதி முகாம்ல கெடச்சுச்சு. 2022-ல இலங்கையில விலைவாசி தாங்காம தனுஷ்கோடி கரையில வந்து எறங்குனவங்கள்ல ஒரு அக்கா, அந்த முகாம்ல இருக்காங்க, சின்னம்மாவுக்கு பழக்கம். பேப்பர வாங்கிப் பாத்துட்டு "இதுக்கேன் தோரணை எண்டு போட்டிருக்கினம், கொண்ணிலை எண்டுதானே நாங்க பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்"னு சொன்னாங்க. இலங்கையில சுகாதாரமும் உடற்கல்வியும்னு ஒரு பாடம் இருக்கு, அதுல கொண்ணிலைக்குன்னு தனிப் பகுதியே உண்டு. நிக்கிறது, உக்கார்றது, படுக்குறது ஒரு வகை, நடக்குறது, ஓடுறது, பாயுறது இன்னொரு வகை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர்தான், அந்தச் சொல்லு இன்னும் இந்தக் கரைக்கு வந்து சேரல பாருங்க.

பிரிச்சா கொள் + நிலை. வெள் + நிலா வெண்ணிலா ஆகுற மாதிரியே கொண்ணிலை. உடம்பு மேற்கொள்ற நிலை, அவ்வளவுதான். எனக்கு இதுல புடிச்சது அந்த "கொள்". லத்தீன் சொல்லு ஒரு சாமானத் தூக்கி வச்ச மாதிரி நிக்குது, இதுல நாமளே எடுத்துக்குறோம், மாத்தியும் எடுத்துக்கலாம். வலி சமாச்சாரமும் அப்படித்தான் இருக்கு, இதுதான் சரின்னு ஒரே ஒரு கொண்ணிலை கெடையாது, எதுலயும் ரொம்ப நேரம் அப்படியே கிடந்தா நோவும். பிசியோ சொன்னாங்கன்னு சின்னம்மா ரெண்டு நாளு வெறைப்பா கம்பம் மாதிரி நடந்தாக, இருந்த வலி கூடத்தான் செஞ்சுச்சு.

அடுத்து பேப்பர்ல இருந்த "திருத்தும்", இங்கிலீஷ்ல கரெக்டிவ். இதுவும் லத்தீன்தான், உள்ள இருக்குற வேருக்கு நேரா நடத்துன்னு அர்த்தம். திருத்துறதுன்னா பரிச்சைப் பேப்பர் ஞாபகம் வருது, நிமித்துறதுன்னா மேல சொன்ன வெறைப்பு வந்துரும். சீராக்குறதுதான் எனக்கு சரியாப் படுது, கொண்ணிலை சீராக்கும் பயிற்சி.

சின்னம்மாவுக்கு குடுத்த பயிற்சியில உருப்படியானது ஒண்ணு. வீட்டுல ஆட்டுக்கு நெத்து பறிக்குற தொரட்டிக் கம்பு இருக்கு, கொக்கிய கழட்டிட்டு அத முதுகோட ஒட்டி நெட்டுக்க புடிக்கணும், ஒரு கை கழுத்துக்குப் பின்னாடி, ஒரு கை இடுப்புக்குப் பின்னாடி. பின்மண்டை, தோள்பட்டைக்கு நடுவுல, அடியில வால் எலும்பு, இந்த மூணு எடமும் கம்புல படணும். முழங்கால லேசா தளத்திக்கிட்டு, பின்னாடி இருக்குற கதவ பிட்டத்தால சாத்துற மாதிரி பின்னுக்குத் தள்ளி சாயணும், மூணுல ஒண்ணு வெலகுனாலும் முதுகு வளைஞ்சிருச்சுன்னு அர்த்தம், நிமிந்து மறுபடி. மடங்குறது இடுப்பு மூட்டு, முதுகு இல்ல. மொத நாளு மண்டை வெலகிக்கிட்டே இருந்துச்சு, நாலாவது நாளு நான் சொல்லாமயே அவுகளே "ஏய், விட்டுருச்சுடா"ன்னு நிறுத்துனாக. சாக்கு தூக்குறப்ப இதே மடிப்புல, சாக்க ஒடம்போட ஒட்டி வச்சு, காலு பலத்துல எந்திரிக்கணும். பேப்பர்ல இருந்த மத்த ஏழெட்டு பயிற்சி அவுக செய்யல, நானும் வற்புறுத்தல. ஆனா காலு மரத்துப் போறது, ஒண்ணுக்குப் போறதுல கட்டுப்பாடு போறதுன்னு ஏதாச்சும் வந்தா கம்பத் தூக்கிப் போட்டுட்டு ஒடனே டாக்டர்கிட்ட போயிரணும்.

பேப்பர்ல தோரணைய பேனாவால அடிச்சுட்டு கொண்ணிலைன்னு எழுதி சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். சின்னம்மாவுக்கு அந்தச் சொல்லு வாயில நிக்கல, கம்பு வைத்தியம்னுதான் சொல்றாக. காலையில கம்பு முதுகுல, சாயங்காலம் ஆட்டுக்கு நெத்து பறிக்க கொக்கிய மறுபடி கட்டணும், அந்த வேலை மட்டும் எந்தலையில.