ரோகெயினிங்கில் யாரும் வழிகாட்டுவதில்லை

கொழும்புக்குப் பக்கத்தில், தலங்கம குளத்தைச் சுற்றி நடந்த ரோகெயினிங் (வரைபடம் பார்த்துக் குறித்த இடங்களுக்கு வழி கண்டுபிடித்துப் போகும் விளையாட்டு) போட்டிக்கு வந்த மும்மொழி அறிவித்தலில் ‘வழிகாட்டல் ஓட்டம்’ என்று இருந்தது. ஒலிபெருக்கியிலும் காலை முழுக்க அதே பெயர்தான். இப்படியே விட்டால் அது நிலைத்துவிடும்.

பெயரின் கதை சின்னது. 1976இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ரொட் பிலிப்ஸ், கெய்ல் டேவிஸ், நீல் பிலிப்ஸ் என்ற மூவர் தங்கள் பெயர்களின் முன்னெழுத்துகளை ஒட்டி வைத்தது. உள்ளே மொழிபெயர்க்கப் பொருள் எதுவும் இல்லை. களத்தில் நடப்பதைப் பார்த்துத்தான் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும்.

இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரு குழு. கையில் வரைபடமும் திசைகாட்டியும், ஜிபிஎஸ் கூடாது. படத்தில் பல இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவு புள்ளி. எல்லாவற்றுக்கும் போய்வர நேரம் காணாது. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் போவது என்பதெல்லாம் குழுவின் முடிவு. பிந்தி வந்தால் புள்ளி வெட்டுவார்கள். உலகப் போட்டி 24 மணி நேரம்; ஊர்ப் போட்டிகள் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் வழிகாட்டல் எங்கே வந்தது? வழிகாட்டல் என்பது வழி தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்வது. பாடசாலைகளில் ‘தொழில் வழிகாட்டல்’ என்கிறோமே, அது சரி. அங்கே ஒருவர் காட்டுகிறார், மற்றவர் கேட்கிறார். ரோகெயினிங்கில் வெளியார் உதவியைப் பெறுவதே விதிமீறல். ஆங்கிலத்தில் நெவிகேஷன் (navigation) என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக ‘வழிகாட்டல்’ என்று எழுதிவிடுகிறது. விளையாடுபவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கிறார் என்பதை அந்தச் சொல் அப்படியே தலைகீழாக்கிவிடுகிறது. ‘ஓட்டமும்’ பொருந்தாது. குடும்பமாக வருபவர்கள் பெரும்பாலும் நடக்கத்தான் செய்கிறார்கள். சிலர் சொல்லும் ‘புதையல் வேட்டை’ இன்னும் மோசம். இங்கே எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை, எல்லாம் படத்திலேயே இருக்கிறது.

தலங்கம குளக்கட்டில் எங்கள் குழு நின்று வாதாடியதைச் சொல்ல வேண்டும். வயலுக்கு அப்பால் 60 புள்ளி ஒன்று, இந்தக் கரையிலேயே 30 புள்ளி இரண்டு. படத்தில் வயல் குறுக்குவழி. நேரில் பார்த்தால் இரவு மழையில் வரம்பெல்லாம் சேறு. “சுத்திப் போவம், நேரம் கிடக்கு” என்றார் பெரியம்மா. “இல்லம்மா, இந்த ரெண்டையும் எடுத்திட்டுத் திரும்புவம்” என்றாள் அவர் மகள். இந்த வாதம்தான் விளையாட்டே.

அதற்குத் தமிழில் வினை இருக்கிறது: தேர். தேடு, ஆராய், தெரிந்தெடு எல்லாம் அதற்குள் அடக்கம். குறுந்தொகையில் ‘கொங்குதேர் வாழ்க்கை’ (தேன் தேடும் வாழ்க்கை) என்று தும்பியை விளிப்பது இந்தப் பொருளில்தான். ‘வழித்தேர்வு’ என்றால் பரீட்சை நினைவு வரும். ஆகவே விளையாட்டை ‘வழிதேர் நடை’ என்பேன். ரோகெயினிங் என்றே சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது ஆட்களின் பெயர். பிழையான பொருள் தரும் தமிழைவிட அது மேல்.

அறிவித்தலில் இன்னொன்றும் இருந்தது: ‘ஒவ்வொரு குழுவும் கவராயம் கொண்டுவர வேண்டும்.’ கவராயம் வட்டம் வரைவது. கவர்போல, அதாவது கிளை பிரிந்த கவைபோல, இரண்டு கால் உள்ளதால் அந்தப் பெயர். அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை கேத்திரகணிதப் பெட்டியோடு வந்து நின்றது. ஆங்கிலத்தில் கவராயத்துக்கும் திசைகாட்டிக்கும் ஒரே சொல் (compass), தமிழில் தனித்தனிச் சொல். நம்முடைய பாடநூல்களில் சமவுயரக் கோடு, இடவிளக்கப்படம் என்று தெளிவான சொற்கள் எப்போதோ வந்துவிட்டன. மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புவியியல் புத்தகத்தையாவது வாங்கிப் பார்க்கட்டும்.