லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகல

போன தீபாவளிக்கு ரயில்ல ஊருக்குப் போய்ட்டு பத்து நாள் கழிச்சு வந்து காரை எடுத்தேன். சாவியைத் திருகினா டிக் டிக் டிக் டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். ஆனா ஹெட்லைட் பளிச்னு எரியுது, ஹாரன் அடிச்சா படுத்திருந்த தெருநாய் எந்திரிச்சு ஓடுது. போன்ல கேட்ட மெக்கானிக் வண்டியைப் பாக்காமலே "பேட்டரி போச்சு சார், புதுசு போட்ருங்க"ன்னுட்டாரு. நம்ம மனசு கேக்குமா, பானெட்டைத் தூக்கிப் பாத்தா பாசிட்டிவ் டெர்மினல்ல காலிஃபிளவர் மாதிரி பொடி பூத்து நிக்குது, பாதி வெள்ளை, பாதி மயில்துத்தக் கலரு.

கலரு மட்டும் இல்ல, அது நிஜமாவே மயில்துத்தம்தான். பேட்டரியில இருந்து கசியுற ஆசிட் ஆவி ஈயத்தைத் தின்னா வெள்ளைப் பொடி, கேபிள்ல இருக்க செம்பைத் தின்னா அந்த நீலப்பச்சை. ரெண்டுமே கரண்டை ஒழுங்கா கடத்தாது.

சரி, அப்புறம் லைட் எப்படி எரிஞ்சுதுன்னு கேட்டா, இங்கதான் விஷயமே இருக்கு. அந்தப் பொடி 0.05 ஓம் தடை குடுக்குதுன்னு வைங்க. ரெண்டு ஹெட்லைட்டும் சேந்து இழுக்கறது சுமார் 9 ஆம்பியர், பெருக்கிப் பாத்தா அரை வோல்ட் கூட நஷ்டமில்ல. ஆனா எஞ்சினைச் சுத்திக் கிளப்பி விடற ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கப் பாக்கும். 150ஐ 0.05ஆல பெருக்குங்க, ஏழரை வோல்ட். இருக்கறதே பன்னெண்டு சொச்சம், அதுல ஏழரை அந்தப் பொடியிலயே போச்சுன்னா மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ஏழரை எங்க வந்தாலும் ஏழரைதான்.

அந்த டிக் டிக் சத்தமும் இதனாலதான். ஸ்டார்ட்டர் மேல இருக்க சொலினாய்டு ஒரு மின்காந்தம். அது இழுத்து ஸ்விட்சைப் போடும், மோட்டார் கரண்டை உறிஞ்சும், வோல்டேஜ் படுத்துரும், காந்தம் பிடியை விட்ரும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், திரும்ப இழுக்கும். சார்ஜ் இறங்கின பேட்டரியிலயும் இதே சத்தம் வரும், அதனால மொதல்ல டெர்மினலைப் பாருங்க.

சுத்தம் பண்றது பத்து நிமிஷ வேலை. சாவியை எடுத்துட்டு பத்தாம் நம்பர் ஸ்பேனரால நெகட்டிவைத்தான் முதல்ல கழட்டணும். ஏன்னா வண்டி பாடி முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவைக் கழட்டறப்ப ஸ்பேனர் பாடியில பட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும், நெகட்டிவ் ஏற்கனவே கழண்டிருந்தா பட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு டம்ளர் சுடுதண்ணியில ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைச்சு ஊத்தினா சொர்ர்ருன்னு நுரைக்கும், பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு கழுவித் தொடைங்க. ஊத்தறதுக்கு முன்னாடி பேட்டரி மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்துக்கங்க, சோடா உள்ள போனா ஆசிட் கெட்டுரும். மாட்டறப்ப பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசி, மேல கொஞ்சம் வாஸ்லின். எனக்கு ஒரே திருகுல ஸ்டார்ட் ஆயிருச்சு, புது பேட்டரி காசு மிச்சம்.

மேல திறக்கற மாதிரி மூடி இருக்க பேட்டரியா இருந்தா தண்ணியையும் பாருங்க. 1859ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டே செஞ்ச அதே ஈயமும் ஆசிட்டும்தான் இன்னும் உள்ள இருக்கு, ஆறு அறை, அறைக்கு 2.1 வோல்ட். வண்டி ஓடறப்ப பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் குடுக்கும், அதுல தண்ணி கொஞ்சம் ஹைட்ரஜன், ஆக்சிஜனா பிரிஞ்சு போயிரும் (அதனால பக்கத்துல பீடி சிகரெட் ஆகவே ஆகாது). போறது தண்ணி மட்டும்தான், ஆசிட் அங்கயேதான் இருக்கு, அதனால டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துனா போதும். ஏசி தண்ணி ஊத்தலாம்னு ஒரு கூட்டம் சொல்லும், அது காயில் அழுக்கையும் தட்டு தூசியையும் கழுவிட்டு வர்ற தண்ணி, பாட்டில் வாங்கற காசுல என்ன கஞ்சத்தனம்.

பேட்டரிக்கு நிஜமான எமன் சும்மா நிக்கறதுதான். ஆஃப் பண்ணின வண்டியிலயும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர்னு 30 மில்லி ஆம்பியர் போயிட்டே இருக்குன்னு வைங்க, 30 நாளுக்கு 21.6 ஆம்பியர் ஹவர் (ஆம்பியரை மணியால பெருக்கினது), சின்ன கார்ல வர்ற 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில பாதிக்கு மேல காலி. இறங்கின பேட்டரியில உள்ள இருக்க ஈயத் தட்டு மேல ஈய சல்பேட் படியும், உடனே சார்ஜ் பண்ணா கரைஞ்சிரும், வாரக்கணக்குல விட்டா இறுகிப் போயிரும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, 12.6 காட்டுனா ஃபுல், 12.2னா பாதி, 12க்குக் கீழன்னா உடனே சார்ஜ்ல போடுங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப நெகட்டிவைக் கழட்டி வச்சுட்டுப் போனேன். ரிமோட் வேலை செய்யாது, சாவி போட்டுதான் பூட்டணும். வந்து மாட்டித் திருகினேன், டக்குனு எடுத்துச்சு. டேஷ்போர்டு கடிகாரம் மட்டும் 12:00ன்னு மினுக்கிட்டு இருந்துச்சு.