ஆவணப்பகடி: 'போலி ஆவணப்படம்' அன்று

கனடாவின் ஹெவி மெட்டல் இசைக்குழு ஆன்வில். அதைப் பற்றி சாஷா ஜெர்வாசி இயக்கி 2008-இல் வெளிவந்த ஆவணப்படத்தின் மதிப்புரைகளைத் தமிழில் தருகிறவர்கள், 'மாக்குமென்ட்டரி' (ஆவணப்படம் போலவே எடுக்கப்படும் கேலிப் புனைவு) என்ற சொல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'போலி ஆவணப்படம்' என்று எழுதிவிடுகிறார்கள். பொருளையே கெடுக்கும் மொழிபெயர்ப்பு இது.

கேலியையும் பாவனையையும் குறிக்கும் 'மாக்', 'டாக்குமென்ட்டரி'யின் வாலோடு ஒட்டிப் பிறந்த சொல் அது. டாக்குமென்ட்டரியின் வேர், கற்பித்தலைக் குறிக்கும் லத்தீன் வினை.

'போல்' என்பதிலிருந்து வந்ததுதானே 'போலி', இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி என்கிறோமே என்று வாதிடுவார்கள். இலக்கண நூலுக்குள் சரி. வெளியே போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம் என எங்கும் அது மோசடியின் பெயர். 'மாக்' தேர்வை மாதிரித் தேர்வு என்கிறோம்; போலித் தேர்வு என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? அதிலும் 'ஆவணம்' சான்றைக் குறிக்கும் சொல். சுந்தரரை அடிமை என்று வழக்காடிய முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது பெரியபுராணத்து அவை. அப்படிப்பட்ட சொல்லின் முன் 'போலி'யை வைத்தால், கைவிலங்கோடு போலீஸ்தான் வர வேண்டும்.

ராப் ரைனர் 1984-இல் இயக்கிய 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' யாரையும் ஏமாற்றவில்லை. இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் கல்தூணை 18 அடி உயரத்தில் எதிர்பார்த்த ஸ்பைனல் டேப் என்ற கற்பனை இசைக்குழுவுக்கு, மேடையில் அது 18 அங்குலத்தில் வந்து நிற்கிறது. பார்ப்பவர் சிரிக்கிறார், இயக்குநர் விரும்பியதும் அதுதான். அது பகடி. ஆன்வில் படமோ மெய். டிரம்ஸ் கலைஞரின் பெயரும் ராப் ரைனர் (ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் கூடுதல்). 1984-இல் ஜப்பானில் ஸ்கார்பியன்ஸ், பான் ஜோவி குழுக்களோடு ஒரே விழாவில் வாசித்த ஆன்வில் குழுவின் பாடகர் லிப்ஸ், இந்தப் படத்தில் பிழைப்புக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். பகடியில் சிரித்தது இங்கே தொண்டையை அடைக்கிறது என்பதற்காகவே விமர்சகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினார்கள். 'போலி' என்று பெயர்த்தால், ஜெர்வாசி பித்தலாட்டம் செய்துவிட்டார் என்று அவர்கள் குற்றம் சாட்டுவதாகவே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார்.

எனவே 'ஆவணப்பகடி' என்போம். ஆவணப்படத்தின் வடிவத்தில் செய்யப்படும் பகடி என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. சிரிப்பில்லாத திகில் படங்கள் இந்த வடிவத்தை எடுத்தால் 'புனைவு ஆவணப்படம்' பொருந்தும்.

தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் அதே மதிப்புரைகளில் 'கன உலோக இசை' என்று படிக்கும்போது, ஆற்றுநீரில் கலக்கும் ஈயமும் பாதரசமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓர் இசைவகையின் பெயரை ஹெவி மெட்டல் என்றே விடலாம். பெயர்க்க வேண்டியதைச் சரியாகப் பெயர்ப்பதில் அந்த உழைப்பைக் காட்டுங்கள்.