அவர் கையெழுத்து போடாவிட்டாலும் ஐ-751 போடலாம்

அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்து கிரீன் கார்டு வாங்கிய ஒரு பெண், கார்டு காலாவதியாகிப் பல மாதம் கழித்து, குடிவரவு வக்கீலான என்னிடம் வந்தார். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கார்டு செல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வருடக் கார்டை நிரந்தரமாக்கக் கேட்கும் ஐ-751 மனுவில் கணவரும் கையெழுத்து போட்டே ஆக வேண்டும் என்று நினைத்திருந்தார். கணவரோ பிரிந்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். "அவர் கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டார் மேடம். அதான் நான் எதுவும் பண்ணலை" என்றார். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். இப்படி வரும் முதல் ஆள் இவர் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழும் பலருடைய கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

விண்ணப்ப முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதை இணையத்திலேயே படித்துக்கொள்ளலாம். குடிமகனான கணவரோ மனைவியோ உங்களுக்காக ஐ-130 என்ற உறவு மனுவைப் போடுவார். நீங்கள் சட்டப்படி நுழைந்து அமெரிக்காவுக்குள் இருந்தால் கூடவே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போடலாம். ஊரில் இருந்தால் கோப்பு தேசிய விசா மையம் வழியாக, இந்தியர்களுக்குப் பெரும்பாலும் மும்பை துணைத் தூதரகத்துக்குப் போகும். வேலை வழியாக விண்ணப்பித்த இந்தியர்கள் நிற்கும் நீண்ட வரிசை இதற்குக் கிடையாது. குடிமகனின் துணைக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை.

அந்த வரிசை இல்லை என்பதாலேயே "கல்யாணம் ஆனால் கார்டு வந்துவிடும், அப்புறம் கவலை இல்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் முடிந்திருக்கவில்லை என்றால், வருவது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. 1986இல் போலித் திருமணங்களைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டம் இது. கணக்கு விண்ணப்பித்த நாளை வைத்து அல்ல, நிரந்தர வாசி ஆகும் நாளை வைத்து. உங்கள் கார்டை எடுத்து முன்பக்கம் பாருங்கள். வகைக் குறியீடு சி.ஆர்.1 அல்லது சி.ஆர்.6 என்று இருந்தால் நிபந்தனைக் கார்டு. ஐ.ஆர்.1, ஐ.ஆர்.6 என்றால் பத்து வருடக் கார்டு. வருங்காலக் கணவன் அல்லது மனைவிக்கான கே-1 விசாவில் வந்தவர்களுக்கு சி.எஃப்.1 என்று இருக்கும், அதுவும் நிபந்தனைதான்.

பத்து வருடக் கார்டு காலாவதியானால் பிளாஸ்டிக் அட்டைதான் பழசாகிறது, உங்கள் அந்தஸ்து அப்படியே இருக்கும். நிபந்தனைக் கார்டு காலாவதியாகும்போது ஐ-751 போடாமல் இருந்தால் அந்தஸ்தே போகிறது. "ரினியூ பண்ணிக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, இது ரினியூவல் இல்லை. கார்டு முடியும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 போட வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்தால் இருவரும் கையெழுத்து போடுவார்கள். குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

"இருவரும் கையெழுத்து போட வேண்டும்" என்பதை மட்டும் கேட்டுவிட்டு, அவர் போடாவிட்டால் என் கதை முடிந்தது என்று பெண்கள் முடிவுக்கு வருகிறார்கள். சில ஆண்களும்தான். அந்த முடிவைக் கணவர்கள் வளர்க்கிறார்கள். "நான் ஒரு லெட்டர் போட்டா போதும், அடுத்த பிளைட்ல ஏத்திடுவாங்க" என்ற வசனத்தை எத்தனை பேர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன்! மாமியார் சொல்கிறார், நாத்தனார் சொல்கிறார். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போன் செய்யும் அம்மாவும் அதை நம்பி, "மாப்பிள்ளைகிட்ட நாங்க பேசிப் பார்க்கிறோம், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்கிறார். பேசிப் பார்ப்பதிலேயே 90 நாள் ஓடிவிடுகிறது.

எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிரீன் கார்டைக் கொடுப்பது அமெரிக்க அரசு. உங்கள் கணவர் மனுதாரர், அவ்வளவுதான். உங்களுக்குக் கார்டு வரும்வரை அவருக்கு உண்மையான அதிகாரம் ஒன்று உண்டு: ஐ-130 மனுவைத் திரும்பப் பெறலாம். அப்படிச் செய்தால், அதை நம்பி நிற்கும் உங்கள் ஐ-485ம் விழும். கார்டு வந்த பிறகு அந்த அதிகாரம் போய்விடுகிறது. அவர் கடிதம் எழுதலாம், புகார் சொல்லலாம். அதிகாரி அதைப் படிப்பார், உங்களைக் கேள்வி கேட்பார், ஆதாரம் கேட்பார். ஐ-751ஐ நிராகரித்தாலும் விஷயம் குடிவரவு நீதிபதி முன்னால் போகும், அங்கே உங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு. யாருடைய கோபத்துக்கும் அடுத்த விமானம் தயாராக நிற்பதில்லை.

அவர் கையெழுத்து இல்லாமல் நீங்களே தனியாக ஐ-751 போடச் சட்டமே வழி வைத்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு திருமணம் செய்து விவாகரத்தில் முடிந்திருந்தால் ஒரு வழி. அடி, உதை அல்லது கடுமையான கொடுமைக்கு ஆளாகியிருந்தால் இன்னொரு வழி. இதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. நாட்டைவிட்டு அனுப்பினால் மிகக் கடுமையான பாதிப்பு என்று காட்ட முடிந்தால் அதுவும் ஒரு வழி. தனியாகப் போடுகிறவர்களுக்கு அந்த 90 நாள் சாளரமும் பொருந்தாது. முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். கணவர் இறந்துவிட்டாலும் தனியாகப் போடலாம்.

விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை என்றால்? போட்டுவிட்டுத் தீர்ப்பு நகலைப் பின்னால் கொடுக்கும் வழி இருக்கிறது. ஆனால் தேதிகளைக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது, வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிய பிரிவுக் காகிதத்தை விவாகரத்து என்று என்னிடம் நீட்டாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

இன்னொரு பயம், "பிரிஞ்சுட்டோம்னு தெரிஞ்சா போலிக் கல்யாணம்னு சொல்லிடுவாங்களே" என்பது. 1975இல் பார்க் என்பவரின் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருமணம் செய்த நேரத்தில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. பின்னால் பிரிந்தது மட்டும் அந்தத் திருமணத்தைப் போலியாக்காது. உண்மையான கல்யாணங்களும் முறிகின்றன, அதிகாரிகளுக்கும் இது தெரியும்.

கார்டே இன்னும் வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வீட்டில் கொடுமை நடந்தால், 1994இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் கீழ் ஐ-360 என்ற மனுவை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் ஆண்களும் போடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. கணவருக்குத் தெரிவிக்க மாட்டார்கள், உங்கள் தகவலை அவரிடம் வெளியிடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. பாதுகாப்பான வேறு முகவரியைக் கொடுக்கலாம். விவாகரத்து ஆகிவிட்டாலும், அது அந்தக் கொடுமையோடு தொடர்புடையது என்றால் இரண்டு வருடத்துக்குள் போடலாம். "அவர் அடிக்கலை மேடம், பாஸ்போர்ட்டை மட்டும் பூட்டி வெச்சுக்கிட்டார், காசு தரமாட்டார், ஊருக்கு அனுப்பிடுவேன்னு தினமும் சொல்லுவார்" என்கிறார்கள். அம்மா, அதுவும் கொடுமைதான். நாடு கடத்திவிடுவேன் என்ற மிரட்டலையும் அதிகாரிகள் கணக்கில் எடுப்பார்கள். அந்த வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காதீர்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வந்த செய்திகளையும்தான்.

இப்போது என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றால் கனமான கல்யாண ஆல்பம் வருகிறது. நிச்சயதார்த்தம், மெஹந்தி, முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் இருக்கிறது. அதிகாரி பார்க்க விரும்புவது கல்யாணத்துக்குப் பிறகு நடந்த வாழ்க்கையை. வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? மாமனார் பெயரில். வங்கிக் கணக்கு? அவர் பெயரில். கரன்ட் பில், கார், இன்சூரன்ஸ்? அவர் பெயரில். வருமான வரிப் படிவம் மட்டும் சேர்ந்து போட்டிருக்கிறார்கள், அதன் நகல் இவரிடம் கிடையாது. கொடுத்த இடத்தில் கையெழுத்து போட்டார், படிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, உடன் வாழ்ந்த பெண்ணின் பெயர் அந்த வீட்டின் ஒரு காகிதத்திலும் இல்லை. வாழ்க்கை நன்றாக இருக்கும்போதே பெயரைச் சேருங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீட்டில் வாரிசுப் பெயர். நல்ல கணவர் இதற்குக் கோபப்பட மாட்டார். சேர்ந்து ஐ-751 போடும்போதும் இதே காகிதங்கள்தான் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. விசா வேலைக்காக முதலில் ரிஜிஸ்டர் மேரேஜ், சில மாதம் கழித்துக் கோயிலில் கல்யாணம். படிவத்தில் ஒரு தேதி, நேர்காணலில் வாய் சொல்வது இன்னொரு தேதி. இரண்டும் நடந்தது என்று முதலிலேயே இரண்டையும் சொல்லிவிடுங்கள். பதிவுத் திருமணம் முடிந்த பிறகு போட்ட டூரிஸ்ட் விசா விண்ணப்பத்தில் "திருமணமாகாதவர்" என்று எழுதியிருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் எஃப்.என்.யு., அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று விழும். மார்க் ஷீட்டில் இனிஷியல், பிறப்புச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல். எல்லாப் பெயர் வடிவங்களையும் படிவத்தில் "பிற பெயர்கள்" பகுதியில் எழுதுங்கள்.

கையெழுத்து போடும் குடிமகனுக்கும், "சும்மா ஒரு ஃபார்ம்தானே" என்று கூட்டு ஸ்பான்சராகப் போகும் சித்தப்பாவுக்கும்: ஐ-864 என்ற பொருளாதார ஆதரவுப் படிவம் அரசோடு போடும் ஒப்பந்தம். வறுமைக் கோட்டு வரம்பில் 125 சதவீத வருமானத்துக்கு ஆதரவு தருவதாக உறுதி கொடுக்கிறீர்கள். விவாகரத்தால் அது முடிவதில்லை. வந்தவர் குடியுரிமை வாங்கினால், அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை சேர்ந்தால், நிரந்தர வாசத்தை விட்டு நாட்டைவிட்டே போய்விட்டால், அல்லது மரணம் நேர்ந்தால்தான் முடியும். படித்துவிட்டுப் போடுங்கள்.

பணம் கொடுத்து "பேப்பர் மேரேஜ்" செய்ய வழி கேட்டு வருபவர்களை நான் உட்காரக்கூடச் சொல்வதில்லை. ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிட, போலித் திருமணம் என்று தீர்மானமாகிவிட்டால் பின்னால் நிஜமாகவே ஒருவரைக் கல்யாணம் செய்தாலும் அவர் போடும் மனு ஏற்கப்படாது. இதற்கு மன்னிப்பு மனுவும் கிடையாது. அமெரிக்கக் குடிமகன் என்று எங்கேயாவது பொய்யாகக் குறிப்பதும் அதே அளவு ஆபத்து. லைசென்ஸ் வாங்கும் இடத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வராதீர்கள்.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்புமுன், வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் பயண அனுமதி இருக்கிறதா பாருங்கள். எச்-1பி, எல்-1 போன்ற சில விசாக்காரர்களைத் தவிர மற்றவர்கள் அது இல்லாமல் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவம் மூலம் குடிவரவுத் துறைக்குத் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கடிதம் பழைய வீட்டில், ஒருவேளை கணவர் கையில், போய்ச் சேரும். 2024 டிசம்பர் முதல் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை ஐ-485 உடனேயே வைக்க வேண்டும், பிறகு கொடுக்கலாம் என்று சொல்பவர் பழைய கதை சொல்கிறார்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வக்கீல் அல்ல. வரிப் படிவம் போட்டுத் தருபவரும், தன் கார்டைத் தானே வாங்கிய நண்பரும் வக்கீல் இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் இருந்தால், உங்கள் இருவருக்குள் அவர் ரகசியம் காக்க முடியாது. முதல் சந்திப்பிலேயே இதை நான் இருவரிடமும் சொல்லிவிடுவேன். உறவில் விரிசல் விழுந்த நாளிலிருந்து உங்களுக்கென்று தனி வக்கீல் வேண்டும்.

தயவுசெய்து இன்று இரவே ஒன்று செய்யுங்கள். உங்கள் பாஸ்போர்ட், கார்டின் இருபக்கம், ஐ-130, ஐ-485 ரசீதுகள், திருமணப் பதிவுச் சான்றிதழ், வரிப் படிவம் எல்லாவற்றையும் படம் எடுத்து, உங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கார்டு முடியும் தேதியிலிருந்து 90 நாள் பின்னோக்கி எண்ணி, ஐ-751 போடத் தொடங்கும் நாளைப் போனில் குறித்துவையுங்கள். கார்டு முடியும் தேதியே கடந்துபோய்விட்டதா? அப்போதும் ஏன் தாமதம் என்று விளக்கத்தோடு போடலாம், வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எத்தனையோ மேல். 2023 முதல் ஐ-751 ரசீதுக் கடிதம் கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டிக்கிறது, அதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் பயமாக இருந்தால் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில், முடிந்தால் வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.