அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ் கேஸ் வருமா? சட்டம் தரும் பாதுகாப்பு

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடிவிடும், கிட்டே போய்த் தொடுவதற்கு மட்டும் ஆள் இருக்காது. பலருக்கும் மனதில் ஓடுவது ஒன்றுதான்: தொட்டால் ஸ்டேஷன், சாட்சி, கோர்ட் என்று அலைய விடுவார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இன்றைய சட்டத்தில் அதற்கு இடமில்லை. முதலுதவி தெரிந்தவர்கூட ஒதுங்கி நிற்பது இந்தப் பயத்தால்தான் என்பதால், கட்டுப் போடக் கற்றுக்கொள்ளும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உதவுபவரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015 மே மாதம் வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. பிறகு 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2020இல் வந்தன.

பிரிவு சொல்வது இதுதான். பலன் எதையும் எதிர்பார்க்காமல், நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவர் 'நல்ல சமாரியர்'. அவசரத்தில் அவர் செய்த உதவியில் ஏதாவது தவறிப்போய் அடிபட்டவருக்குக் காயம் கூடினாலோ, உயிரே போனாலோகூட அவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது. டாக்டராக இருக்க வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இல்லை. ஆனால் விபத்தை ஏற்படுத்திய ஓட்டுநர் இந்தப் பாதுகாப்பில் ஒளிந்துகொள்ள முடியாது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது 134ஆம் பிரிவின்படி அவருடைய கடமை.

பலர் தயங்கும் இடம் ஆஸ்பத்திரி வாசல். அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது 'யார் கூட்டி வந்தது?' என்று கேட்பார்கள். அங்கே உங்கள் பெயரையும் போன் நம்பரையும் தருவது முழுக்க உங்கள் விருப்பம். 'தெரியாதவர், ரோட்டில் கிடந்தார், கொண்டு வந்தேன்' என்று சொன்னால் போதும். போலீஸும் உங்கள் பெயர், முகவரியைக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் உறவினர் இல்லையென்றால் அட்மிஷனுக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது, பிடித்து உட்கார வைக்கவும் கூடாது. இந்த உரிமைகளை எல்லோர் கண்ணிலும் படும்படி ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. யாராவது வம்பு செய்தால் 134ஏ என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

சாட்சி சொல்ல நீங்களே விரும்பினால் அதற்கும் முறை இருக்கிறது. விசாரணை ஒரே முறைதான். உங்கள் வீட்டிலோ உங்களுக்கு வசதியான இடத்திலோ நடத்தலாம். அப்படி வரும் அதிகாரி சாதாரண உடையில்தான் வர வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. தெருவே வேடிக்கை பார்க்க வாசலில் காக்கிச் சட்டை வந்து நிற்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பதை யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த கவலை, 'செலவை யார் பார்ப்பது?' தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தொடக்கத்தில் 1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பின்னர் 2 லட்சம் ரூபாயானது. காப்பீட்டு அட்டை தேவையில்லை; வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. நாடு முழுவதுக்குமான மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் வந்தது: விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை.

உதவியவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. 2021இல் 5,000 ரூபாயாகத் தொடங்கி, 2025இல் 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். படுகாயமடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குக் கொண்டு சேர்த்துக் காப்பாற்றியவர்களுக்கு இது. இதற்கு மட்டும் உங்கள் விவரங்களைத் தந்தாக வேண்டும்.

இனி அந்த இடத்தில் செய்ய வேண்டியது. முதலில் உங்கள் வண்டியைப் பத்திரமாக ஒதுக்கி, பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரை நிறுத்துங்கள். 108க்குப் பேசும்போது ஊர்ப்பெயரோடு கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் சொல்லலாம்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுக்குழாயில் போய்விடும். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால், தீப்பிடிக்கும் ஆபத்து போன்ற காரணம் இல்லாதவரை தூக்கி உட்கார வைக்கக் கூடாது. மூச்சு இருக்கும்வரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். பேச்சு மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். கை சோர்ந்துபோகும் வேலை இது. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு மாறி மாறிச் செய்யுங்கள். அவருக்கும் இதே சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லியே கூப்பிடுங்கள்.